ஏழு மணிக்குச் சாத்திய கதவு

ஆகஸ்ட் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி? நூல் மில்லுக்குக் கொடுத்துவிட்டு வந்த அந்தக் காது எப்படி? போனில் நான் ஒன்று கேட்க, நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்ல, நடுவில் நம் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கடிதமென்றால் யாரும் கத்த வேண்டாம். அதனால் இனி எழுதுகிறேன்.

நல்ல செய்தியை அவளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். கப்பலில் இருக்கும் பையனுக்கும் சொல்லியாயிற்று. "அப்பா ஆகப்போறே, இனியாவது பொறுப்பா இரு" என்று இவர் போனில் உபதேசம் செய்ய, அவன், "எஞ்சின் ரூம்ல இருபத்துநாலு மணி நேரமும் பொறுப்பாத்தான்ப்பா இருக்கேன், வெளிய விட்டாத்தானே?" என்றான். ஜனவரி கடைசியில்தான் இறங்குவானாம்.

மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத வீட்டில், வேறு மார்க்கத்துக்காரர்கள் நடுவில், மகள் எப்படி இருக்கிறாளோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அந்தக் கவலை வேண்டாம். அவள் அறையில் மாட்டியிருந்த வசனப் படத்தை அவள் வரும் முன்பே கழற்றி எங்கள் அறையில் மாட்டிவிட்டேன். தினமும் மாலை ஏழு மணிக்குக் கூடத்தில் குடும்ப ஜெபம். அந்த நேரத்தில், "நீ உள்ளே ஓய்வெடும்மா" என்று சொல்லி அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடுகிறேன். எங்கள் பாட்டு அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் மனைவியை ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கே அவளைக் கேட்காமலே எழுப்பி நிறுத்தி, அவள் மாற வேண்டும் என்று மைக்கில் ஜெபித்தார்கள். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் சிரிப்பாள், ஆனால் என் வீட்டுப் படி ஏறியதில்லை. என் மருமகளுக்கு அப்படி ஒன்று நடக்க விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 19

அன்பான சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் சம்பந்தி ஐயாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. காது மட்டும் என்னோடு சேர்ந்து ஓய்வு வாங்கிவிட்டது. ஊர்வம்பு கேட்காததால் மனசு சுத்தமாக இருக்கிறது.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து நிம்மதியானேன். எங்கள் வழி வேறு, உங்கள் வழி வேறு. கல்யாணத்தின்போது என் சொந்தக்காரர்கள் என்னென்னவோ பயமுறுத்தினார்கள். உங்கள் கடிதத்தை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

குட்டிக்கு (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) சின்ன வயதிலிருந்தே புளிப்பு கொடுத்தால் போதும், சமாதானமாகிவிடுவாள். ஒன்று கேட்க வேண்டும். இங்கே நானும் அவளும் மாலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததெல்லாம் பேசுவோம். அவள் பேசுவாள், நான் அவள் வாயைப் பார்ப்பேன். அங்கே மாலையில் அவள் யாரோடு டீ குடிக்கிறாள்?

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் சம்பந்தி


செப்டம்பர் 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு மட்டும் சளி. பேருந்துப் பணிமனையில் நாளெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு அடியில் படுக்கிறார். சொன்னால் கேட்பதில்லை.

டீயைப் பற்றிக் கேட்டீர்கள். மாலை டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, தொட்டுக்கொள்ள ஏதாவது வைத்து, ஏழு மணிக்கு முன்பே அறைக்குள் கொடுத்துவிடுகிறேன். எங்கள் ஜெபம் முடியத் தாமதமாகும். கர்ப்பிணிப் பெண் காத்திருக்கலாமா? புளிப்பு ஊறுகாயும் போட்டுவிட்டேன்.

ஜெபம் தாமதமாவதற்குக் காரணம் இவர்தான். ஊரில் யாரையும் விடமாட்டார். கப்பலில் இருக்கிற பையன், பணிமனைக் காவலாளி, பால்காரரின் முதுகு, மாடிவீட்டு வாத்தியாரின் சர்க்கரை எல்லாம் பெயரோடு வரும். பிரேக் பிடிக்காத ஒரு பேருந்துக்கும் ஜெபம் பண்ணினார். "வண்டிக்கெல்லாமா?" என்று கேட்டேன். "அதுல ஏறுற ஜனங்களுக்குடி" என்றார். முடித்துவிட்டு டீ குடித்தபடி பேசிச் சிரித்து எழுந்திருக்க எட்டு மணியாகிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் என்னை நிறுத்தினார். கிறிஸ்துமஸுக்கான ஜெபப் பட்டியல் தயாராகிறதாம்.

"மருமகப் பொண்ணு பேரைக் குடுங்கம்மா. மனந்திரும்ப வேண்டியவங்க பட்டியல்ல போட்டுடலாம்."

"எதுலேர்ந்து ஐயா திரும்பணும்? கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறா. வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வர்றா. வழியில எங்கயும் திரும்புறது கூட இல்ல."

"நீங்க தமாஷ் பண்றீங்க."

"இல்ல ஐயா. அவ பேரை யாரும் எழுதக் கூடாது. அவ பேர் அவளுக்குச் சொந்தம்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கெட்டவர் இல்லை. பட்டியல் போடுவதில் ஓர் ஆசை, அவ்வளவுதான். எங்கள் வீட்டு ஜெபத்தில்கூட அவளைக் கேட்காமல் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று இவரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் அடுப்பு பற்ற வைக்கும்போது நான் மனசுக்குள் அவளுக்காகக் கேட்டுக்கொள்கிறேன். அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

வலது காதில் சொட்டு மருந்து விடுகிறீர்களா?

உங்கள் சம்பந்தி


அக்டோபர் 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மகளை இங்கே அனுப்பிவைத்தால் நல்லது. கிறிஸ்துமஸ் சமயத்தில் உங்களுக்கு வேலை அதிகம். அவள் குறுக்கே எதற்கு? பிரசவம் இங்கேயே ஆகட்டும். கடை முதலாளியிடம் பேசிவிட்டதாக அவள் சொன்னாள். அதன் பிறகு எப்போது திரும்புவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம்.

சம்பந்தி


அக்டோபர் 30

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் "அன்பான" போய் "மதிப்பிற்குரிய" வந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கண்ணில் குத்தும்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போவது இயல்புதான். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்பே என்றும், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் பேசிவிட்டதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டேன். "அம்மா தனியா இருக்காங்க அத்தை" என்றாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தது. இவர் உட்கார்ந்து வளைத்த கண்ணாடியை யாரும் சொல்லாமலே எடுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். எங்களைப் பிடிக்காதவள் அந்த வேலையைச் செய்வாளா?

வீட்டுக் கணக்கு உதைத்தால் நான் முதல் வரியிலிருந்து திரும்பக் கூட்டுவேன். இதையும் அப்படித்தான் கூட்டிப் பார்த்தேன். அவள் மனம் நோக ஒரு சொல்லும் நாங்கள் சொன்னதாக நினைவில்லை. ஆனால் விடை மட்டும் தப்பாக வருகிறது.

குறை எதுவென்றாலும் என்னிடமே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் சம்பந்தி


நவம்பர் 12

அன்பான சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று மகள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதைக் காப்பாற்றினால் இரண்டு வீடு உடையும். அதனால் மீறுகிறேன். அவள் எனக்கு எழுதியதை அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன்.

"அம்மா, ஏழு மணிக்கு அத்தை மெதுவா வந்து கதவைச் சாத்துறாங்க. கோபமா சாத்தினா நானும் கோபப்படலாம். பூப்போல சாத்துறாங்க. அப்புறம் மாமா ஒவ்வொருத்தர் பேரா சொல்லி ஜெபம் பண்றது கதவு வழியா எனக்குக் கேக்குது. கப்பல்ல இருக்கிறவர் பேரு வரும். அடுத்து என் பேரு வரும்னு காது கொடுத்து உட்கார்ந்திருப்பேன். பால்காரர் முதுகு வரும். வாத்தியாருக்குச் சர்க்கரை வரும். ஒரு நாள் பேருந்து வந்தது. நான் மட்டும் வரவே இல்ல. வயித்துல இருக்கிறதும் வரல. அப்புறம் டீ டம்ளர் சத்தம், சிரிப்பு. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து குடிக்கிறேன். அவங்க சாமி எனக்கு வேணும்னு நான் சொல்லலம்மா. ஆனா அந்த வீட்டுல எல்லாருக்கும் இருக்கிற ஒரு இடம் எனக்கு இல்ல. கிறிஸ்துமஸ் அன்னைக்கும் வாட்ச்மேன் மாதிரி வீட்டுல விட்டுட்டுப் போவாங்க. அதுக்கு முன்னாடியே நான் வந்துடறேன்."

சம்பந்தி அம்மா, உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நல்லவர்கள். அதனால்தான் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போய்விட்டது.

சம்பந்தி


நவம்பர் 20

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் வீட்டில் சமாதானம் இருக்கட்டும். அது எங்கள் வீட்டில் இல்லாமல் போனதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அன்று மாலை ஏழு மணி அடித்ததும் இவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். "இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போனேன். இத்தனை மாதமாக அந்தக் கதவைச் சாத்தத்தான் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் தட்டினேன்.

"உள்ள வரட்டுமாம்மா?"

"உங்க வீடு, அத்தை."

"அதைத்தான் கேக்க வந்தேன். உனக்கு இது யார் வீடு?"

ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "அம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள். தலையாட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கேட்டாள். நன்றாகக் கேட்டாள்.

"பால்காரர் முதுகுக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க அத்தை. நான் என்ன, மாசக் கடைசியில காலி பண்ற குடித்தனமா?"

"உன்னைக் கேக்காம உன் பேரைச் சொல்லக் கூடாதுன்னுதாம்மா..."

"அப்ப கேட்டிருக்கலாம்ல?"

சம்பந்தி அம்மா, அவள் கேட்டது சரிதான். அவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று மூப்பரோடு சண்டை போட்டேன், இவரை அடக்கி வைத்தேன், வசனப் படத்தைக் கழற்றினேன். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவு ஜெபத்தில் கண்ணை மூடினால், நிறைமாத மரியாளுக்கு இடமில்லை என்ற பெத்லகேம் சத்திரக்காரன்தான் வந்து நிற்கிறான். சின்ன வயதிலிருந்து அவனை முரடன் என்றே நினைத்திருந்தேன். அவன் மரியாதைக்காரனாகக்கூட இருந்திருக்கலாம். "இங்க கூட்டமா இருக்கும்மா, உங்களுக்குச் சிரமமா இருக்கும். பின்னாடி தொழுவத்துல நிம்மதியா இருக்கலாம்" என்று பூப்போலச் சொல்லியிருப்பான். கதவையும் மெதுவாகத்தான் சாத்தியிருப்பான்.

உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். என் ஆண்டவரை அவளும் அறிந்துகொண்டால் எனக்குச் சந்தோஷம். அந்த ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதை நூலாக்கி அவள் காலில் கட்ட மாட்டேன். அவளிடமும் இப்படியே சொன்னேன். "தெரியும் அத்தை. என் பேரைச் சொல்லலாம். ஆனா என்னை மாத்தச் சொல்லிக் கேக்கக் கூடாது. எனக்கும் பிள்ளைக்கும் சுகம் கேளுங்க, போதும்" என்றாள். சரி என்றேன். வாக்கு கொடுத்துவிட்டேன், மாற மாட்டேன்.

அன்றைக்கு அவள் கூடத்துக்கு வரவில்லை. கதவு மட்டும் திறந்தே இருந்தது. டிசம்பரில் போவதைப் பற்றி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். இனி அவள் முடிவுதான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அவளை அழைத்துப் போக வேண்டுமானால் நீங்களே வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். எங்களோடு இருந்து பாருங்கள். அப்புறமும் போக வேண்டும் என்று அவள் சொன்னால், அவள் பெட்டியை நானே தூக்கி வந்து வண்டியில் வைப்பேன்.

உங்கள் சம்பந்தி


டிசம்பர் 1

அன்பான சம்பந்தி அம்மாவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

வருகிறேன். இருபத்துநான்காம் தேதி காலையில் வந்து சேருவேன். இருபத்தேழாம் தேதி திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இரண்டாவது அவளுக்கு. உங்களிடம் மறைக்க வேண்டாமென்று சொல்கிறேன்.

பயம் எதற்கென்றால், உங்கள் கோயிலில் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் எழுந்திருக்கும்போது நான் உட்கார்ந்திருப்பேன், உட்காரும்போது எழுந்து நிற்பேன். காது வேறு கேட்காது. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் கேட்காமலே தலையாட்டிவிடுவேன். மில்லில் ஒரு முறை அப்படித் தலையாட்டி யூனியன் தேர்தலில் நின்றவள் நான். இங்கே தலையாட்டினால் என்ன ஆகுமோ?

பூட்டுக்காரர் மனைவியை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் கூட இருப்பீர்கள் அல்லவா?

உங்கள் சம்பந்தி


டிசம்பர் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கர்த்தர் உங்கள் பயணத்தைக் காக்கட்டும். இங்கே சுகம். நம் பெண்ணுக்குக் கால் லேசாக வீங்குகிறது. டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். இருந்தாலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடக்கிறேன். "அத்தை, நீங்க முக்காலியைக் கீழ வைங்க, நான் உக்காருறேன். இல்லன்னா ரெண்டு பேருக்கும் கால் வீங்கும்" என்கிறாள்.

பயப்படாதீர்கள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் நீங்கள். நான் எழுந்தால் எழுந்திருங்கள், பிடிக்காவிட்டால் உட்கார்ந்தே இருங்கள். ஆண்டவர் யார் எழுந்தார், யார் எழவில்லை என்று கணக்கெடுப்பதில்லை. தலையாட்ட வேண்டிய இடத்தில் உங்களுக்காக நானே ஆட்டுகிறேன்.

வேறொன்று நடந்தது. பிள்ளை எதிர்பார்த்திருக்கும் பெண்களின் பெயரை வாசித்து, சுகப்பிரசவத்துக்காகக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். அதில் பெயர் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். இப்போது எல்லாவற்றையும் கேட்கிறேன். ஊறுகாய் வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டு அலுப்பூட்டுகிறேன். "பிரசவத்துக்குன்னா போடுங்க. வேற பட்டியல்னா வேண்டாம்" என்றாள். மூப்பரிடம் போனேன்.

"அது சபை உறுப்பினர்களுக்கு மட்டும்மா. உங்க மருமகளுக்குத்தான் வேற பட்டியல் இருக்கே?"

"மரியாள் எந்தச் சபையில உறுப்பினரா இருந்தாங்க ஐயா?"

"அது வேற விஷயம்."

"எது வேற? வயித்துல பிள்ளை. புருஷன் வீட்டு மனுஷங்க நடுவுல. தங்குறதுக்கு ஒரு இடம் வேணும். எது வேற?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கும்மா. இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

"வரட்டுமே. அதுக்குத்தானே வாசல்ல நட்சத்திரம் கட்டுறோம்?"

அவர் பேனாவை மூடினார். நான் விடவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துச் சமையலுக்கு வருஷா வருஷம் நான்தான் பொறுப்பு. மடியிலிருந்து சமையற்கூடச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "என் மருமக பேரு அந்தப் பட்டியல்ல இல்லன்னா என் பேரும் எதுலயும் வேண்டாம். ஆராதனைக்கு வருவேன். கடைசி பெஞ்சுல அவளோட உக்காருவேன்" என்றேன். பக்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த போதகர் தலையைத் தூக்காமலே, "மூப்பர் ஐயா, அவங்க சாவியை எடுத்துக் குடுங்க. பேனாவை எனக்குக் குடுங்க" என்றார். அவரே எழுதினார்.

சாவியை மடியில் செருக மறந்து, கையில் பிடித்தபடியே வீடு வரை வந்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

போவதா இருப்பதா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். பாதி அறையில், பாதி கூடத்தில்.

ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

உங்கள் சம்பந்தி


டிசம்பர் 29

அன்பான சம்பந்தி அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்பு நலம். நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பங்கு கொடுத்தேன்.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் பதில் சொல்வீர்கள், எனக்குக் கேட்காது.

கோயிலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த மூப்பர் ஐயா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாரே, அவரையா நீங்கள் அப்படி மிரட்டினீர்கள்? நான் உங்கள் நடுவிலேயே இருக்கிறேன் என்று கையைக் காட்டினேன். புரிந்துகொண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. போதகர் ஏதோ வாசித்தபோது மகள் என் கையை இறுக்கினாள். அவள் பெயர் வந்தது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது அன்று மாலை உங்கள் கூடத்தில் நடந்தது. சம்பந்தி ஐயா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் உதடு அசைகிறது. அவள் நாற்காலியில் இருக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று தெரியும். இருந்தாலும் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் என் பெண் காத்திருந்த வார்த்தை அது. "எனக்குக் கேக்கலையே!" என்று கத்திவிட்டேன்.

ஐயா கண்ணைத் திறந்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போது நீங்கள் எழுந்து வந்து, என் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயரைக் கூவுகிறவர் மாதிரி, "ஆண்டவரே! எங்க குட்டிக்கும் அவ பிள்ளைக்கும் சுகம் குடும்!" என்றீர்கள். மாடியில் வாத்தியார் வீட்டு நாய் குரைத்ததாம். எனக்கு நாய் கேட்கவில்லை. குட்டி என்பது கேட்டது. நான் மட்டுமே கூப்பிட்ட பெயர். உங்கள் சாமியிடம் நீங்கள் அதைச் சொன்னபோது என் பெண் சிரித்தபடியே அழுதாள். நாற்காலியை விட்டு எழுந்து வந்து உங்கள் பாயில் உட்கார்ந்தாள்.

இருபத்தேழாம் தேதி காலையில் அவள் என்னிடம் வந்து, "அம்மா, அவர் கப்பல்லேர்ந்து இறங்கினதும் பிரசவத்துக்கு வர்றேன். போறதுக்கும் வர்றதுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டு" என்றாள். "இந்த டிக்கெட்டை என்னடி பண்றது?" என்றேன். "பக்கத்து சீட்டுல உங்க பையை வைங்க. அதுக்கும் வயசாச்சு" என்றாள். வழியில் ஏறின ஒருவர் நின்றுகொண்டே வந்தார். பையை எடுத்துவிட்டு அவரைத்தான் உட்கார வைத்தேன்.

ஐயாவைத் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜனவரி 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

புது வருஷத்தில் ஆண்டவர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். நான்காவது ஆள் உள்ளேயிருந்து உதைக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் பிறந்த கை என்கிறாள் இவள். பிரேக் மிதிக்கப் பிறந்த கால் என்கிறார் இவர்.

மாத முடிவில் பையனும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். நீங்கள் கும்பிடும் நேரம் எது என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். நீங்கள் செய்வதை நான் செய்ய மாட்டேன், அதை நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பேன். டீ மட்டும் சேர்ந்து குடிக்க வேண்டும்.

உங்கள் தயவால் இவருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று ஏற்றிய குரலை இன்னும் இறக்கவில்லை. பால்காரர் முதுகு இப்போது தெருவுக்கே தெரியும். நேற்று ஜெபம் பாதியில் இருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம். சத்தமாக இருக்கிறதென்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று எண்ணித் திறந்தேன். கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் மனைவி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் படி ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் கேக்குதுக்கா கீழ. ஊர்ல எல்லார் பேரும் வருது."

"தொந்தரவா இருக்கா? மெதுவா சொல்லச் சொல்றேன்."

"அதுக்கு வரல." மூச்சு வாங்கினாள். "என் பேரு மட்டும் வர்றதே இல்லையே?"

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். நம் பெண்தான் முக்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கக்கா. அத்தை இப்பல்லாம் கேட்டுட்டுத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

கேட்டேன். "உனக்கு என்ன கேக்கட்டும்மா?"

யோசித்தாள். "இந்த முட்டி வலி. அது மட்டுந்தான்க்கா. முட்டியைத் தவிர வேற எதையும் மாத்தச் சொல்லிக் கேட்டுடாதீங்க."

நான்கு பேரும் கண்ணை மூடினோம். முட்டிக்கு மட்டும் கேட்டோம்.

உங்கள் சம்பந்தி